கையெழுத்து கேளுங்க... விலை கேட்காதீங்க!

"மாப்ள, நாலே நாள்ல நானூறு ரூவா!"

போன வாரம் லேப்ல உட்கார்ந்திருந்தப்ப ஒரு நண்பன் (பேர் வேண்டாம், பாவம்) மொபைலை என் மூஞ்சிக்கு நேரா நீட்டிச் சொன்ன டயலாக் இது. பார்த்தா ஒரு கிரிக்கெட் அட்டை. ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் ஒருத்தர் அதுல கையெழுத்து போட்டிருக்கார். பையன் அதை இணையத்துல வித்துட்டான்.

எப்படிடா கிடைச்சதுன்னு கேட்டேன். ஏழு பேருக்குத் தபால் போட்டானாம். ஏழு பேருக்கும் ஒரே லெட்டர், ஜெராக்ஸ். "என் தாத்தா உங்கள் பரம ரசிகர், ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்" அப்படின்னு உருக்கமா ஒரு பாரா. மூணு பேர் கையெழுத்து போட்டு அனுப்பிட்டாங்க. அவன் தாத்தாவை எனக்கு நல்லாத் தெரியும். தினமும் காலையில எனக்கு முன்னாடி டீக்கடையில உட்கார்ந்து தினத்தந்தி படிக்கிறவர். இன்னும் இருபது வருஷம் கவலையே இல்லை.

இதுல எனக்கு என்ன எரிச்சல்னா, இந்தப் பழக்கத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன். பொறுமையா படிங்க.

முதல்ல, இது என்ன பழக்கம்?

ரொம்ப சிம்பிள். ஓய்வு பெற்ற ஒரு விளையாட்டு வீரருக்கு ஒரு கடிதம் எழுதணும். கூடவே அவர் படம் போட்ட ஒரு அட்டை. அது வளையாம இருக்க ஒரு தடிமனான அட்டைத் துண்டு. நம்ம விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டின இன்னொரு கவர். அஞ்சு ரூபாய் ஸ்டாம்பு போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு. தபால் பெட்டியில போட்டுட்டு மறந்துடணும். ஒரு வாரத்துல வரலாம், ஒரு வருஷம் கழிச்சும் வரலாம், வராமலும் போகலாம்.

அமெரிக்காவுல இதுக்குப் பெரிய கூட்டமே இருக்கு. அங்க பேஸ்பால் அட்டைகள். சிகரெட் பாக்கெட் நசுங்காம இருக்க உள்ள வச்ச அட்டையில ஆட்டக்காரர் படத்தை அச்சடிச்சதுலதான் அந்தக் கதை ஆரம்பிச்சது. 1950கள்ல டாப்ஸ் கம்பெனி பபிள் கம் கூட வச்சுக் கொடுத்தது. பையன்கள் அதைச் சேர்த்து, ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களுக்குத் தபால்ல அனுப்பி, கையெழுத்து வாங்கினாங்க. நம்ம ஊர்ல அப்படி அட்டை பெரிசா வரலை. ஆனா 1978ல தொடங்கின ஸ்போர்ட்ஸ்டார் பத்திரிகையோட நடுப்பக்கப் படத்தைக் கிழிச்சு சுவத்துல ஒட்டாத வீடு எது? நம்ம அண்ணன், மாமா தலைமுறையில அந்தப் படத்தை மடிச்சு கவர்ல வச்சு அனுப்பினவங்களும் இருந்தாங்க.

தமாஷ் என்னன்னா, வெளியூர்ல நம்ம ஊர்ப் பேரைச் சொன்னா "பட்டாசா?"ன்னுதான் கேட்பாங்க. ஆனா சிவகாசி பாதி பேப்பர் ஊர். தீப்பெட்டிக்கு லேபிள் வேணும்னு வந்த அச்சு மிஷின், அப்புறம் காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகைன்னு கிளை விட்டது. தீப்பெட்டிப் படத்தைச் சேர்த்து, அதையே காசா வச்சு விளையாடின பிள்ளைங்க நாம. ஒரு துண்டு அட்டைக்கு எதனால மதிப்பு வருதுன்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

லென்ஸ் வச்சுப் பார்

எங்க அப்பா ஆப்செட் மிஷின் பார்க்கிறவர். வீட்ல ஒரு லென்ஸ் எப்பவும் கிடக்கும். அதை வச்சு எந்தக் கலர் படத்தைப் பார்த்தாலும் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு வெறும் புள்ளிகள்தான் தெரியும். கண்ணுக்கு முகமா தெரியறது லென்ஸுக்கு அடியில புள்ளிக் கோலம்.

அச்சடிச்ச கையெழுத்தும் பெரும்பாலும் அப்படித்தான். பேனாவுல போட்டது வேற மாதிரி இருக்கும். மை படத்துக்கு மேல உட்கார்ந்திருக்கும். ஒரு கோடு இன்னொரு கோட்டைக் கடக்கிற இடத்துல மை கனமா இருக்கும். பால் பாயிண்ட் பேனான்னா தடவினாலே பள்ளம் தெரியும். தனிக் கறுப்புல அச்சடிச்சா புள்ளி தெரியாம ஏமாத்தும். அப்ப ஒரே மாதிரி ரெண்டு பிரதி கிடைச்சா ஒண்ணு மேல ஒண்ணு வச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கணும். மயிரிழை கூட விலகாம பொருந்தினா அது அச்சு. எந்த மனுஷனாலயும் தன் கையெழுத்தை ரெண்டு தடவை அச்சா ஒரே மாதிரி போட முடியாது.

இன்னொரு தொழில் ரகசியம். லேமினேஷன் பண்ணின அட்டையை அனுப்பாதீங்க. வார்னிஷ் அடிச்சதும் வேண்டாம். மை ஒட்டாம முத்து முத்தா உருளும். அமெரிக்காக்காரங்க அட்டையில லேசா குழந்தைப் பவுடரைத் தேய்ச்சு, பளபளப்பைக் குறைச்சு அனுப்புவாங்க. நம்ம வீட்டுப் பவுடரும் அதே வேலையைச் செய்யும். நான் டெஸ்ட் பண்ணிட்டேன். (அம்மாகிட்ட திட்டு வாங்கினது தனிக்கதை.)

இதெல்லாம் ஏன் சொல்றேன்? அச்சுக்கும் கையெழுத்துக்கும் இருக்கிற வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. அந்த ஆள் அந்த அட்டையைக் கையில எடுத்தார். உங்க லெட்டரைப் படிச்சார். பேனாவைத் தேடினார். அந்த ரெண்டு நிமிஷம் உங்களுக்காகப் போச்சு. அதுக்கு அத்தாட்சிதான் அந்தக் கிறுக்கல். நம்ம மாவட்ட பாஷையில சொன்னா, அது ஒரு ரசீது. உங்க கடிதம் அவருக்குப் போய்ச் சேர்ந்ததுக்கான ரசீது.

ரசீதை யாராவது விப்பாங்களா?

"என் அட்டை, என் உரிமை"

நண்பனோட முதல் வாதம் இது. "அவர் எனக்குக் கொடுத்தார். இப்ப அது என் சொத்து. விக்கிறது என் இஷ்டம்."

சட்டப்படி சரிதான், கோர்ட்டுக்கு யாரும் போகப் போறதில்லை. ஆனா அவன் வித்தது அவனோட பொருள் மட்டும் இல்லை. அடுத்து எழுதப் போற ஒரு ஸ்கூல் பையனோட வாய்ப்பையும் சேர்த்து வித்துட்டான்.

நீல் ஆம்ஸ்ட்ராங் கதை தெரியுமா? நிலாவுல முதல்ல கால் வச்சவர், தபால்ல கேட்டவங்களுக்கெல்லாம் வருஷக்கணக்கா கையெழுத்து போட்டு அனுப்பினவர். அதை வாங்கினவங்க காசுக்கு விக்கறாங்க, போலியும் உலவுதுன்னு தெரிஞ்சதும் 1994 வாக்கில மொத்தமா நிறுத்திட்டார். அவர் இறந்தது 2012ல. நடுவுல பதினெட்டு வருஷம், உண்மையான ஆசையோட எழுதின எத்தனை பிள்ளைங்களுக்கு பதில் இல்லாம போயிருக்கும்? (2005ல அவர் முடியை வெட்டின கடைக்காரர் அந்த முடியையே மூவாயிரம் டாலருக்கு வித்தது இன்னொரு கூத்து. மனுஷன் தலையைக் கொடுத்துட்டு நிம்மதியா உட்காரக்கூட முடியலை!)

இதுக்கு நேர் எதிர் பிராட்மன். வயசான காலத்துலயும் அடிலெய்டு வீட்ல உட்கார்ந்து, வந்த கடிதங்களுக்கு மணிக்கணக்கா பதில் எழுதினவர். 2001ல காலமானார். உலகம் பூரா அவர் கையெழுத்து கொட்டிக் கிடக்கு. அவ்வளவு கிடைக்கிறதால சந்தையில அதுக்குப் பெரிய கிராக்கி இல்லைன்னு வியாபாரிங்க அலுத்துக்கலாம். அவரைக் கும்பிட நமக்கு அது ஒண்ணே போதும்.

விலை வந்தா போலி வரும், சந்தையோட விதி அது. அமெரிக்காவுல 1990கள் கடைசியில எஃப்.பி.ஐ. "ஆபரேஷன் புல்பென்"னு ஒரு வேட்டை நடத்தினாங்க. டோனி க்வின்னுங்கிற பெரிய ஆட்டக்காரர், தன் பேர்ல வித்துக்கிட்டிருந்த கையெழுத்துகள் போலின்னு தானே பார்த்துச் சொன்னது அந்தக் கதையோட பிரபலமான பகுதி. சந்தையில இருக்கிற கையெழுத்துகள்ல பாதிக்கு மேல போலியா இருக்கலாம்னு அப்ப மதிப்பிட்டாங்க. உச்சக்கட்டக் கூத்து, அன்னை தெரசா கையெழுத்து போட்ட பேஸ்பால் பந்து! அவங்க எப்ப பேஸ்பால் ஆடினாங்கன்னு வாங்கினவன் ஒருத்தனும் கேட்கலை.

"காந்தியே காசு வாங்கினாரே?"

இது ரெண்டாவது வாதம். கொஞ்சம் படிச்சவன் போல. சரி, காந்தி தன் கையெழுத்துக்கு அஞ்சு ரூபாய் வாங்கினார், அது ஹரிஜன நிதிக்குப் போச்சு. உண்மைதான்.

ஆனா மாப்ள, அங்க விலை வச்சது யார்? கையெழுத்து போட்டவர். காசு எங்க போகுதுன்னு வாங்கினவருக்கும் தெரியும். அப்படி ஒரு ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் "ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு"ன்னு கேட்டா தாராளமா கொடுக்கணும்கிறது என் கட்சி. அமெரிக்காவுல பழைய ஆட்டக்காரங்க பலர் அப்படி ஒரு சின்னத் தொகை கேட்கறாங்க, சிலர் அதை தர்ம காரியத்துக்குக் கொடுக்கறாங்க. அவர் கை, அவர் பேர், அவர் விலை. இலவசமா கேட்டு வாங்கிட்டு, தாத்தாவை ஆஸ்பத்திரியில படுக்க வச்சு, நடுவுல நின்னு காசு பார்க்கிறதுக்கு எங்க ஊர்ல பேர் வியாபாரம் இல்லை. விருதுநகர் மார்க்கெட் நிலவரம்னு பேப்பர்ல பருப்புக்கும் எண்ணெய்க்கும் வத்தலுக்கும் விலை போடற மாவட்டத்துல பிறந்தவன் சொல்றேன், சரக்கு வாங்க ஒரு பைசா போடாதவன் வியாபாரி ஆக மாட்டான்.

"செல்ஃபி காலத்துல எதுக்குடா கையெழுத்து?"

இதைச் சொன்னது வேற ஒருத்தி. நியாயமான கேள்வி.

செல்ஃபிக்கு அவர் எதிர்ல வரணும். ஏர்போர்ட்லயோ ஓட்டல்லயோ அவர் மாட்டணும். இன்னிக்கு ஆடறவங்களுக்கு அது சரி. சென்னையில ஒரு வீட்ல வெளிய போகாம உட்கார்ந்திருக்கிற எண்பது வயசு மனுஷரை நீங்க எங்க போய் மடக்குவீங்க? விருதுநகர்ல இருக்கிற நமக்கு அவர் வீட்டுப் படி வரைக்கும் போறது தபால்காரர் ஒருத்தர்தான். அதோட கடிதத்துல அவரைத் தொந்தரவு பண்றோம்கிற கவலை கம்மி. இஷ்டம் இருந்தா பிரிப்பார், இல்லைன்னா ஓரமா வைப்பார். முகத்துக்கு நேரா மொபைலை நீட்டினா அந்த மரியாதை இருக்கா?

"இது பிச்சை எடுக்கிற மாதிரி இல்லையா?"ன்னும் கேட்டா. ஒரு வரியில "கையெழுத்து தேவை"ன்னு எழுதினா ஆமா, பிச்சைதான். "நீங்க ஆடின இந்த ஆட்டத்தைப் பத்திப் படிச்சேன், அந்த கோல் எப்படி விழுந்தது?"ன்னு எழுதினா அது விசாரிப்பு. வயசானவங்களைப் போய் விசாரிக்கிறது நம்ம ஊர்ல என்னிக்குப் பிச்சை ஆச்சு?

சரி, யாருக்கு எழுதறோம்?

இங்கதான் என்னையும் சேர்த்துத் திட்டிக்கப் போறேன். நான் முதல்ல எழுதின எல்லாமே கிரிக்கெட்காரங்களுக்கு. ஆஸ்திரேலியாவுக்கு ஒண்ணு எழுதி, பதில் கவர்ல நம்ம ஊர் அஞ்சு ரூபாய் ஸ்டாம்பை ஒட்டி அனுப்பின அறிவாளி நான். நம்ம ஸ்டாம்பு அங்க செல்லாதுன்னு அப்புறம்தான் உறைச்சது. அவ்வ்வ்.

ஆனா கிரிக்கெட்காரங்களுக்குக் கடிதம் குறையா? நம்ம பக்கத்துல பாருங்க. விருதுநகர்ல ரயில் ஏறினா சாத்தூர், அடுத்து கோவில்பட்டி. ஹாக்கி ஊர். 2022 ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடின மாரீஸ்வரன் அந்த ஊர்ப் பையன். நம்ம கிளாஸ்ல எத்தனை பேருக்குத் தெரியும்? நான் கேட்டேன். மூணு பேர்.

வி.ஜே. பீட்டர். 1960 ரோம்ல வெள்ளி, 1964 டோக்கியோவுல தங்கம், 1968 மெக்சிகோவுல வெண்கலம். மூணு ஒலிம்பிக்ஸ், மூணு நிறம். சென்னைக்காரர். 1998ல போயிட்டார். இனிமே அவருக்கு எழுத முடியாது. அவர் தம்பி பிலிப்ஸ், 1975ல உலகக் கோப்பை ஜெயிச்ச அணியில இருந்தவர். 1980 மாஸ்கோவுல தங்கம் வாங்கின அணிக்குக் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன், அவரும் நம்ம ஆள்தான். அதுக்கப்புறம் 2024 பாரிஸ் வரைக்கும் இந்தியாவுக்கு ஹாக்கியில தங்கமே வரலை. இவங்க முகத்தைப் போட்டு ஒரு அட்டை, ஒரு காலண்டர் எங்கயாவது பார்த்திருக்கீங்களா? இத்தனை அச்சகம் இருக்கிற ஊர்ல வளர்ந்த நான் பார்த்ததில்லை.

கிரிக்கெட்லயும் இப்படி மறந்த கதை உண்டு. எம்.ஜே. கோபாலன். 1934ல ரஞ்சிக் கோப்பையோட முதல் பந்தை சேப்பாக்கத்துல வீசினவர். ஹாக்கியும் ஆடினவர். 1936ல பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் போகாம கிரிக்கெட் அணியோட இங்கிலாந்து போனார். அங்க ஒரு டெஸ்ட்ல கூட இறக்கலை, இங்க ஹாக்கி அணி தங்கத்தோட திரும்பினது. 2003 டிசம்பர்ல காலமானப்ப உலகத்துலயே மூத்த டெஸ்ட் வீரர் அவர்தான். அது வரைக்கும் ஒரு கவர், ரெண்டு ஸ்டாம்பு இருந்தா யாரும் அவருக்கு எழுதியிருக்கலாம்.

அரசாங்கம் இதையெல்லாம் பாதுகாக்கும்னு நினைக்காதீங்க. பல்பீர் சிங் சீனியர், 1948, 1952, 1956னு மூணு ஒலிம்பிக்ஸ் தங்கம். 1952 ஃபைனல்ல ஆறு கோல்ல அஞ்சு அவருது. 1985ல தன் மெடல்கள், போட்டோக்கள், ஒலிம்பிக்ஸ் கோட்டு எல்லாத்தையும் ஒரு மியூசியம் வரப்போகுதுன்னு நம்பி இந்திய விளையாட்டு ஆணையத்துக்குக் கொடுத்தார். மியூசியமும் வரலை, கொடுத்ததும் தொலைஞ்சது. திரும்பக் கேட்டுக் கேட்டே 2020 மே மாசம் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு வந்த ரெண்டு கவர்

போன வருஷம் தமிழ்நாட்டு ஹாக்கி ஆட்டக்காரர் ஒருத்தருக்கு எழுதினேன். பேர் சொல்லலை, அவர் அனுமதி கேட்கலை. அட்டையை நானே தயார் பண்ணினேன், ஆர்ட் போர்டுல, வார்னிஷ் இல்லாம. இருபத்து மூணு நாள் கழிச்சு கவர் வந்தது. கையெழுத்து நடுங்கியிருந்தது. கூடவே ஒரு பக்கக் கடிதம். "பத்து வருஷத்துக்கு மேலாயிற்று, இப்படி ஒரு கடிதம் வந்து. கோவில்பட்டியில் மண் தரையில் ஆடியிருக்கிறேன். இப்போது அங்கே செயற்கைப் புல் போட்டுவிட்டார்களாமே, நீ பார்த்தாயா தம்பி?"

நான் பார்த்ததில்லை. அடுத்த ஞாயித்துக்கிழமை சாத்தூர் போய் பஸ் மாறி கோவில்பட்டி போனேன். மைதானத்தைப் பார்த்துட்டு வந்து, என்ன நிறம், எத்தனை பசங்க ஆடறாங்கன்னு எல்லாம் எழுதிப் போட்டேன்.

அதே மாசம் இன்னொருத்தருக்கும் எழுதியிருந்தேன். அந்தக் கவர் பிரிக்காமலே திரும்பி வந்தது. மேல தபால்காரர் கையால "பெறுநர் காலமானார்"னு எழுதியிருந்தார். விலாசம் ரெண்டு வருஷமா என் நோட்ல இருந்தது. செமஸ்டர் முடியட்டும், லீவுல எழுதலாம்னு தள்ளிப் போட்டேன். ஒட்டின ஸ்டாம்போட அந்தக் கவர் இன்னும் உள்ளயே இருக்கு. நான் பிரிக்கலை.

இந்த ரெண்டு கவருக்கும் இணையத்துல என்ன விலைன்னு நண்பன்கிட்ட கேட்டேன். முதல்ல வந்ததைப் பார்த்துட்டு "இவர் யாருடா? நூறு ரூபாய்க்குக் கூட போகாது"ன்னான்.

போகாதுல்ல? சந்தோஷம். அதனாலதான் அவர்கிட்ட கேட்கணும்.

முடிவா

எழுதறதுன்னா கையால எழுதுங்க. ஒரு ஆளுக்கு ஒரு அட்டை, பத்து அனுப்பாதீங்க. அவர் ஆட்டத்தைப் பத்தி நிஜமா ஒரு கேள்வி கேளுங்க. பொய்த் தாத்தா வேண்டாம். விலாசம் தெரியலைன்னா மாநில சங்கத்துக்கோ அவர் இருந்த கிளப்புக்கோ அனுப்பி, சேர்த்துடச் சொல்லிக் கேளுங்க. கிடைச்ச விலாசத்தை ஊருக்கெல்லாம் பரப்பாதீங்க. பதில் வந்தா நன்றி எழுதுங்க. வரலைன்னா குறை சொல்லாதீங்க.

அட்டை கிடைக்கலையா? நாம இருக்கிறது எந்த ஊர்? ஷீட்ல ஓரத்துல மிச்சம் விழற இடத்துல நாலு அட்டை ஏத்திவிடச் சொன்னா எந்த அண்ணாச்சியும் மாட்டேன்னு சொல்ல மாட்டார். ஆறு மாசத்துல ஆறு பேருக்கு நான் அப்படி அச்சடிச்சு அனுப்பப் போறேன். ஹாக்கி, வாலிபால், கபடி, ஓட்டப்பந்தயம். கூட வர்றவங்க கை தூக்குங்க.

நானூறு ரூபாய் நண்பா, உனக்கும் ஒரு அட்டை எடுத்து வச்சிருக்கேன். கடிதத்தை மட்டும் நீயே எழுது. ஜெராக்ஸ் வேண்டாம்.

டிஸ்கி: தாத்தா நலம். நேத்தும் டீக்கடையில பார்த்தேன். தன்னை ஆஸ்பத்திரியில சேர்த்த விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது. யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க மக்களே :-)